பத்து லிட்டர் ஒளிமின்வேதி ரியாக்டர்: விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கல்லூரி ஆய்வகங்களுக்கும் சொந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் என்று ஒரு செட் விற்பனைக்கு வருகிறது. பத்து லிட்டர் தொட்டி, ஒரு பம்பு, கண்ணாடி முகப்பு வைத்த தட்டையான அறை, அதற்குள் உள்ளங்கை அளவு டைட்டானியத் தகடு, எதிரே துருப்பிடிக்காத எஃகு வலை, 365 நானோமீட்டர் எல்.ஈ.டி. விளக்கு, 30 வோல்ட் டி.சி. சப்ளை. இவ்வளவுதான். நீரில் கரைந்து கிடக்கும் மருந்து மிச்சங்களை வெளிச்சமும் மின்சாரமும் சேர்ந்து உடைத்துவிடும் என்கிறார்கள் விற்பவர்கள். தயாரிப்பாளர் பெயர் இங்கே வராது. இதே அமைப்பில் வரும் எந்தச் செட்டுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். உங்கள் ஊர் நீரில் இந்த முறை எவ்வளவு தூரம் எடுபடும் என்று அறிய வேண்டுமானால் எல்.ஈ.டி. மாடலைத் தயங்காமல் வாங்கலாம். பாளையங்கோட்டையில் ஐம்பது படுக்கை வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையின் தினசரிக் கழிவுநீரை இது சுத்தம் செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கான காரணம் மின்னோட்டக் கணக்கில் இருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இது. தகட்டின் மேல் டைட்டானியம் டையாக்சைடு நானோ குழாய்கள் புல் முளைத்தது போல நிற்கின்றன. அனட்டேஸ் என்ற படிக வடிவத்தில் இதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் ஒன்றை மேலே ஏற்றத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று மேலே ஏறும், அதன் இடத்தில் ஒரு துளை நிற்கும். சும்மா விட்டால் இரண்டும் உடனே சேர்ந்து வெறும் சூடாகிப் போகும். வெளியிலிருந்து சிறிது வோல்டேஜ் கொடுத்தால் எலக்ட்ரான் கம்பி வழியாக எஃகு வலைக்கு (கேத்தோடு) ஓடிவிடும், துளை மட்டும் தகட்டின் (ஆனோடு) மேற்பரப்பில் தங்கி நீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும், அல்லது மருந்து மூலக்கூறை நேராகவே தாக்கும். ஒளி பட்ட டைட்டானியம் டையாக்சைடு ஆனோடு நீரையே பிளக்கும் என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் காட்டியதுதான் இதற்கெல்லாம் வேர். நம் பக்கத்து உவரி, கூத்தங்குழி கரையோர மணலில் கருப்பாகக் கிடக்கும் இல்மனைட்டும் டைட்டானியத் தாதுதான் என்பதை நினைத்தால் இந்தத் தகடு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

செட்டைப் பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே. நீர் ஓடட்டும், வோல்டேஜ் இருக்கட்டும், விளக்கை மட்டும் அணையுங்கள். ஆம்மீட்டர் எவ்வளவு இறங்குகிறது? முப்பது விநாடி அணைத்து, முப்பது விநாடி ஏற்றி, ஐந்தாறு தடவை செய்யச் சொல்லுங்கள். நல்ல ஆனோடாக இருந்தால் மின்னோட்டம் படிக்கட்டு போல ஏறி இறங்கும், இருட்டில் அநேகமாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விளக்கை அணைத்தும் மீட்டர் பெரிதாக அசையவில்லை என்றால் அங்கே நடப்பது சாதாரண மின்னாற்பகுப்பு. அதற்கு விலை உயர்ந்த விளக்கும் கண்ணாடியும் எதற்கு? செயல்விளக்கத்தில் வோல்டேஜை ஏகத்துக்கு ஏற்றி வைத்து மீட்டரில் பெரிய எண்ணைக் காட்டுவது வழக்கம். அதில் மயங்க வேண்டாம்.

இதற்கு ஓர் எல்லைக் கணக்கும் உண்டு. முழு வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் அனட்டேஸ், விழும் புற ஊதா ஒளி முழுவதையும் மின்னோட்டமாக மாற்றினாலும் சுமார் 1.1 மில்லி ஆம்பியருக்கு மேல் தர முடியாது. வெயிலில் புற ஊதாப் பங்கே நூற்றுக்கு நான்கைந்துதான். ஆக, 100 சதுர சென்டிமீட்டர் தகட்டிலிருந்து வெயிலில் 110 மில்லி ஆம்பியர் என்பது தாண்ட முடியாத கூரை, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல தகடு. "எங்கள் மாடல் வெயிலிலேயே ஒரு ஆம்பியர் ஓட்டும்" என்று விற்பவர் சொன்னால், ஒளி தந்தது எவ்வளவு, சப்ளை தள்ளியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்.ஈ.டி. மாடலில் நிலைமை மேல். தகட்டின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் விழுந்தால் மொத்தம் 2 வாட். 365 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 3.4 எலக்ட்ரான் வோல்ட். எல்லா ஃபோட்டானும் பலித்தால் 0.59 ஆம்பியர், மூன்றில் ஒன்று பலித்தால் 0.2 ஆம்பியர். இந்த 0.2-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மருந்தின் பக்கம் வருவோம். பாராசிட்டமால் மூலக்கூறு ஒன்றைக் கரியமில வாயுவாகவும் அம்மோனியமாகவும் முழுக்க உடைக்க 34 எலக்ட்ரான்களை எடுக்க வேண்டும். லிட்டருக்கு 10 மி.கி. வீதம் பத்து லிட்டரில் 100 மி.கி. இருக்கிறது. அதற்குத் தேவையான மின்னூட்டம் சுமார் 2,170 கூலம் (ஆம்பியர் × விநாடி). 0.2 ஆம்பியரில், ஒரு எலக்ட்ரான்கூட வீணாகாமல் போனால், மூன்று மணி நேரம். வீணாகாமல் போகாது. பெரும்பகுதி நீரையே ஆக்சிஜனாக்கிக்கொண்டிருக்கும், மருந்து குறையக் குறைய வீண் செலவு கூடும். "ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டர், நூற்றுக்கு நூறு" என்று விளம்பரத் தாளில் இருந்தால், அவர்கள் அளந்தது தாய் மூலக்கூறு மறைந்ததை. மூலக்கூறு இரண்டாக உடைந்தாலே, மருந்தின் அளவைப் பார்க்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அந்த உச்சி காணாமல் போய்விடும். துண்டுகள் நீரிலேயே இருக்கும். மொத்தக் கரிமக் கார்பன், அதாவது டி.ஓ.சி. எவ்வளவு இறங்கியது என்ற எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். அது எப்போதும் மெதுவாகவே இறங்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் பிரச்சினை.

சோதனைக்கு எந்த மருந்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். செயல்விளக்கத்துக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியைத்தான் அதிகம் எடுத்து வருகிறார்கள். பேரும் பிரபலம்: 2004-ல் பிணந்தின்னிக் கழுகுகளின் சாவுக்குக் காரணம் இதுதான் என்று தெரிந்து, 2006-ல் கால்நடைக்கு இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. ஆனால் ரியாக்டரைச் சோதிக்க இது பொருத்தமில்லாத மருந்து. வெயிலில் வைத்தாலே தானாகச் சிதையும். அதோடு அதன் pKa, அதாவது மூலக்கூறுகளில் பாதி அயனியாகும் பி.ஹெச்., நான்கையொட்டி இருப்பதால் நீரின் பி.ஹெச். 4-க்குக் கீழே போனால் கரையாமல் படிந்துவிடும். தொட்டிச் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டதை "நீங்கிவிட்டது" என்று கணக்கெழுதுவது எளிது. ஓட்டம் முடிந்தபின் தொட்டியை மெத்தனாலால் அலசி, அந்த அலசலையும் அளந்தால் உண்மை வெளியே வரும்.

கார்பமாசெபைனைக் கேளுங்கள். வலிப்பு நோய்க்குத் தரும் மருந்து. வெயிலுக்கு அசையாது, சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களுக்கும் அசையாது. இதை உடைக்கிற செட் மற்ற பலவற்றையும் உடைக்கும். தாமிரபரணி, காவிரி, வெள்ளாறு மூன்றின் நீரிலும் கார்பமாசெபைனைத் தேடிப் பார்த்த ஆய்வு 2011-லும், அதே ஆறுகளில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளைப் பார்த்த ஆய்வு 2014-லும் வெளிவந்திருக்கின்றன. ஆகவே இது நமக்கு வெளியூர்ச் சங்கதி இல்லை.

கார்பமாசெபைன் கரைசல் தயாரிப்பதில் ஒரு பெரிய வழுக்கல் இருக்கிறது. நீரில் மெதுவாகத்தான் கரையும் என்பதால் அவசரத்துக்கு ஒரு மில்லி மெத்தனாலில் கரைத்துத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். ஒரு மில்லிதானே என்று தோன்றும். பத்து லிட்டரில் அது லிட்டருக்கு 79 மி.கி. ஆகிறது. ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைப் பிடிக்கும் போட்டியில் அந்த மெத்தனால் 10 மி.கி. கார்பமாசெபைனைவிட ஆறு மடங்குக்கு மேல் பலசாலி. ரியாக்டர் பாவம், மெத்தனாலை எரித்துக்கொண்டிருக்கும். ஆகையால் 100 மி.கி. தூய பொடியை நேராகப் பத்து லிட்டர் நீரில் போட்டு இரவு முழுக்கக் கலக்கிவிடுங்கள். மெடிக்கல் கடை மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் இதே தவறுதான். மாத்திரையில் மருந்தோடு மாவும் பிணைப்பானும் இருக்கும், அவையும் ரேடிக்கலைத் தின்னும்.

ஓட்டும் முறை இப்படி இருக்க வேண்டும். முதலில் விளக்கும் மின்சாரமும் இல்லாமல் 30 நிமிடம் நீரைச் சுற்றவிட்டு ஒரு மாதிரி எடுங்கள். தகடும் குழாயும் உறிஞ்சுவது அதில் தெரிந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகள் டைட்டானியம் டையாக்சைடில் நன்றாக ஒட்டும். இந்த அரைமணியைத் தவிர்த்தால் ஒட்டியதெல்லாம் உடைந்ததாகக் கணக்கில் வரும். பிறகு நான்கு தனி ஓட்டங்கள்: விளக்கு மட்டும், மின்சாரம் மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் புது நீர். மாதிரிகள் 0, 5, 15, 30, 60, 120, 240 நிமிடங்களில், தடவைக்கு 5 மில்லி. மாதிரியை வடிகட்டும்போது வடிகட்டியே மருந்தைப் பிடித்துக்கொள்ளலாம், அதனால் முதல் ஒன்றிரண்டு மில்லியைக் கொட்டிவிட்டு அடுத்ததைக் குப்பியில் பிடியுங்கள். நீரில் குளோரைடு இருந்தால் குப்பியில் முன்கூட்டியே இரண்டு சொட்டு சோடியம் தயோசல்ஃபேட் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரியாக்டரில் உண்டான குளோரின் குப்பிக்குள்ளும் மருந்தைத் தின்றுகொண்டே இருக்கும், மாலையில் அளந்தால் காலையில் எடுத்ததைவிட அழகான எண் வரும். இரண்டும் சேர்ந்த ஓட்டத்தின் வேகம், தனித்தனி ஓட்ட வேகங்களின் கூட்டுத்தொகையைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால்தான் இந்தக் கருவிக்கு அர்த்தம்.

செட்டோடு வரும் கையேடு லிட்டருக்கு 7.1 கிராம் சோடியம் சல்ஃபேட் போடச் சொல்கிறது, அதாவது 0.05 மோலார். கரைசல் நன்றாக மின்சாரம் கடத்தும், எண்கள் அருமையாக வரும். ஆனால் அந்த நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 4.8 கிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் 200 மி.கி.யோடு ஒப்பிட்டால் 24 மடங்கு. ஆயிரம் லிட்டருக்கு ஏழு கிலோ உப்பு கொட்டி மைக்ரோகிராம் மருந்தை எடுப்பது எந்த ஊர் நியாயம்? கற்பிப்பதற்கு உப்புக் கரைசல் சரி. வாங்கும் முடிவை அதை வைத்து எடுக்கக் கூடாது. உங்கள் நீரைக் கேனில் கொண்டுபோய் ஓட்டச் சொல்லுங்கள்.

நீருக்கு நீர் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். தகடும் வலையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், 100 சதுர சென்டிமீட்டரில் 0.2 ஆம்பியர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடத்துதிறன் 200 மைக்ரோசீமன்ஸ் உள்ள மெல்லிய நீரில், பாபநாசத்துப் பக்கம் ஓடும் ஆற்று நீர் மாதிரி உப்புக் குறைந்த நீரில், நீரைத் தாண்டவே 10 வோல்ட் போய்விடும். 1,000 மைக்ரோசீமன்ஸ் உள்ள கழிவுநீரில் 2 வோல்ட். கையேட்டு உப்புக் கரைசலில் 0.2 வோல்ட்தான். இது தெரியாமல் கையேட்டில் சொன்ன 2 வோல்ட்டை வைத்து ஆற்று நீரை ஓட்டினால் மின்னோட்டம் வராது, தகடு செத்துவிட்டது என்று முடிவு கட்டி விற்றவரோடு சண்டை போட நேரும். அறையின் இடைவெளியைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். 4 மில்லிமீட்டர் வரை நெருக்க முடிந்தால் மேலே சொன்ன 10 வோல்ட் நான்காகும். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எஃகு வலை குறுக்கே நின்று நிழல் போட்டால் அந்த லாபம் போய்விடும்.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் நேர் எதிர்க்கதை. உப்பு ஏராளம், மின்சாரம் நன்றாக ஓடும். அந்த உப்பில் பெரும்பகுதி குளோரைடு. ஆனோடில் அது குளோரினாகி மருந்தை வேகமாக மறைக்கும். மறைந்த மருந்தின் துண்டுகளில் குளோரின் ஏறிக்கொள்ளும், நீண்ட நேரம் ஓட்டினால் குளோரேட்டும் சேரும். இந்த வேகத்தைப் பார்த்து மகிழ்வதற்குமுன் டி.பி.டி. மாத்திரை போட்டுக் குளோரின் அளவைப் பார்த்துவிடுங்கள். இளஞ்சிவப்பு ஏறினால் ஒளியின் வேலை எது, குளோரினின் வேலை எது என்று தனியாகக் கணக்கிட வேண்டும்.

அந்தக் கிணற்று நீரில் இன்னொரு தொல்லை கடினத்தன்மை. கேத்தோடு ஓரத்தில் காரம் ஏறுவதால் கால்சியம் கார்பனேட் வலையின் மேல் வெள்ளையாகப் படியும். அதே மின்னோட்டத்துக்கு வோல்டேஜ் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். மற்ற மின்வேதிச் செட்டுகளில் செய்வதுபோல பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்து உதிர்த்துவிடலாம் என்று ஒரு சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். இதில் அதைச் செய்யவே கூடாது. தலைகீழ் மின்சாரத்தில் நானோ குழாய்கள் கறுத்து உரிந்துபோகும். வலையை மட்டும் கழற்றி, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து அரைமணி ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். வலையைக் கழற்ற ஆனோடையும் கழற்ற வேண்டிய அமைப்பாக இருந்தால் அது மோசமான வடிவமைப்பு. இந்தச் செட்டில் இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் தகட்டில் கை படுகிறது. இது உண்மையான குறை.

பைகார்பனேட் பற்றி விளம்பரத் தாளில் ஒரு வரிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத போட்டியாளர் அதுதான். லிட்டருக்கு 300 மி.கி. பைகார்பனேட் உள்ள நீரில் லிட்டருக்கு 1 மி.கி. டைக்ளோஃபெனாக் இருந்தால், நூறு ரேடிக்கலில் சுமார் 37 மருந்துக்கும் 63 பைகார்பனேட்டுக்கும் போகும். மருந்து நிஜ நீரில் இருப்பதுபோல 1 மைக்ரோகிராம் என்றால் பத்தாயிரத்தில் ஆறுதான் மருந்துக்கு. அதுவும் நீரில் வேறு எதுவுமே இல்லாவிட்டால். பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ ஊரைத் தாண்டி வந்த நீரில் சோப்பும் சாக்கடையும் வண்டலும் சேர்ந்திருக்கும். அந்தக் கரிமப் பொருட்கள் பைகார்பனேட்டையும் மிஞ்சித் தின்னும், கலங்கல் வெளிச்சத்தையே தகட்டுக்கு விடாது. ஆகவே இந்தக் கருவியை ஆற்றின் மேலோ வாய்க்காலின் மேலோ வைக்கிற யோசனை வீண். இருக்க வேண்டிய இடம், ஆஸ்பத்திரியின் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு முடிந்து, மணல் வடிகட்டியும் 5 மைக்ரான் வடிகட்டியும் தாண்டிய பிறகு. மருந்து அடர்த்தி அதிகமாகவும் நீரின் அளவு குறைவாகவும் இருக்கும் இடம் எதுவோ அது. ஹைதராபாத் பக்கத்துப் படான்சேருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மி.கி. வரை இருந்ததாக 2007-ல் வெளிவந்தது. அப்படிப்பட்ட அடர்த்தியில் கொடுக்கிற எலக்ட்ரான் ஒவ்வொன்றும் மருந்தைத் தொட வாய்ப்பு அதிகம்.

தகட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். நல்ல தகட்டை அடையாளம் காண உருப்பெருக்கி வேண்டியதில்லை. மேற்பரப்பு ஒரே சீராக இருக்க வேண்டும், திட்டுத்திட்டாக இருக்கக் கூடாது. விரலால் தடவாமல், டேப் ஒன்றை ஓரத்தில் மெல்ல ஒட்டி எடுத்தால் வெள்ளைப் பொடி வரக் கூடாது. எப்படித் தயாரித்தார்கள் என்று கேளுங்கள். வழக்கமான முறை, எத்திலீன் கிளைக்காலில் எடைக்கு 0.3 சதவீதம் அம்மோனியம் ஃப்ளூரைடும் கன அளவில் 2 சதவீதம் நீரும் கலந்து 60 வோல்ட்டில் ஆனோடாக்கம், பிறகு 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுதல். சுடாவிட்டால் அனட்டேஸ் வராது, தகடு வெளிச்சத்துக்கு ஒன்றும் செய்யாது. இவ்வளவு தெரிந்த கல்லூரி, 0.25 மில்லிமீட்டர் டைட்டானியத் தாள் வாங்கித் தானே மாற்றுத் தகடு செய்துகொள்ளலாம். ஃப்ளூரைடு கரைசலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தகட்டை நன்றாகக் கழுவாமல் ரியாக்டரில் போடாதீர்கள். மின்வேதியியலுக்கென்றே 1948-லிருந்து காரைக்குடியில் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மாநிலம் இது. தகடு செய்வது நமக்கு எட்டாத வித்தை இல்லை.

மின் தொடர்பு நீருக்கு மேலே இருக்க வேண்டும். இந்தச் செட்டில் முதலைக் கிளிப் நீர்மட்டத்துக்கு ஒட்டி வருகிறது. தெறிக்கும் நீர் பட்டால் கிளிப்பின் செம்பு அரித்து நீரில் இறங்கும், கேத்தோடில் செந்நிறமாகப் படியும். தகட்டோடு ஒரே துண்டாக நீளும் டைட்டானியப் பட்டை கேட்டு வாங்குங்கள். ஜன்னல் கண்ணாடி போரோசிலிகேட்டாக இருந்தால் 365 நானோமீட்டருக்குப் போதும், குவார்ட்ஸ் தேவையில்லை. அக்ரிலிக் என்றால் வேண்டாம். பல அக்ரிலிக் தகடுகளில் புற ஊதாவைத் தடுக்கும் மருந்து கலந்தே வருகிறது, இல்லாவிட்டாலும் நாளடைவில் மஞ்சளாகும். ஜன்னலுக்கு முன்னும் பின்னும் புற ஊதா மீட்டரை வைத்து அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கண்ணுக்குப் புற ஊதாக் கண்ணாடி கட்டாயம்.

குழாய் வெள்ளை சிலிக்கானில் வருகிறது. நம் வெயிலுக்கு இரண்டே வாரத்தில் உள்ளே பாசி பிடிக்கும், அதுவும் மருந்தை உறிஞ்சும். கருப்புக் குழாய் போட்டுவிடுங்கள். பம்பு நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுவதால் பத்து லிட்டரும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தகட்டைத் தொடுகிறது, அதில் குறையில்லை. நுழைவாய் மேலேயும் வெளிவாய் கீழேயும் இருப்பதுதான் கோளாறு. குமிழ்கள் ஜன்னலின் உட்புறத்தில் சிக்கி நிழல் போடுகின்றன. குழாய்களை இடம் மாற்றிக் கீழிருந்து மேலாக ஓட்டினால் சரியாகிறது. 0.2 ஆம்பியரில் கேத்தோடில் மணிக்கு சுமார் 90 மில்லி ஹைட்ரஜன் வரும். தொட்டி மூடியில் துளை இருக்கட்டும், செட்டை அடைத்த அலமாரிக்குள் வைக்க வேண்டாம்.

கரண்ட் போய்வரும்போது நடப்பது இந்தச் செட்டின் மிகப் பெரிய குறை. மின்சாரம் திரும்பியதும் பம்பு தானே ஓடத் தொடங்குகிறது, விளக்கும் எரிகிறது. டி.சி. சப்ளை மட்டும் அணைந்த நிலையிலேயே நிற்கிறது. யாரும் கவனிக்காவிட்டால் நீர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஓட்டம் முடிந்ததாகக் கடிகாரம் சொல்லும். மின்னோட்டத்தை நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யும் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலம் கணக்குக்கும் அதுவே ஆதாரம்.

மொட்டை மாடியில் வைக்கும் வெயில் மாடலுக்கு டைட்டானியத்துக்குப் பதில் பிஸ்மத் வனடேட் தகடு தருகிறார்கள். மஞ்சள் நிறம், ஆற்றல் இடைவெளி 2.4 எலக்ட்ரான் வோல்ட், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஒரு பங்கையும் பிடிக்கும். கணக்கில் வெயிலுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் காரத்தன்மை ஏறினால் வனேடியம் கரைந்து நீரில் வரும், மருந்தை எடுக்கப் போய் உலோகத்தைச் சேர்த்த கதையாகும். டங்ஸ்டன் ஆக்சைடு தகடு கொடுத்தால் இன்னும் தெளிவாக மறுத்துவிடுங்கள். அது அமில நீரில்தான் நிலைக்கும், ஆஸ்பத்திரிக் கழிவுநீரோ 6.5 முதல் 9 பி.ஹெச். வரை. ஆனி, ஆடிக் காற்றில் புழுதி ஜன்னலில் படியும், தினம் துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் ஒன்றும் ஓடாது. கழிவுநீர் மட்டும் எல்லா மாதமும் வரும்.

மின்செலவை ஒப்பிட ஒரே அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கன மீட்டர் நீரில் மருந்தைப் பத்தில் ஒன்றாக்க எத்தனை யூனிட்? விளக்கு, பம்பு, சப்ளை எல்லாம் சேர்ந்து 60 வாட் எடுத்து, பத்து லிட்டரை இரண்டு மணி நேரத்தில் அந்த நிலைக்குக் கொண்டுவந்தால் 12 யூனிட். பல தாள்களில் டி.சி. சப்ளையின் ஒரு வாட்டை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு விளக்கை மறந்துவிடுகிறார்கள். நகரக் கழிவுநீரிலிருந்து மருந்துகளை நீக்க 2016-லிருந்து சட்டப்படி வேலை நடக்கும் சுவிட்சர்லாந்தில் பயன்படுவது ஓசோனும் ஆக்டிவேட்டட் கார்பனும். ஒரு சிறு மருத்துவமனைக்கு இன்று உடனடியாக ஏதாவது வேண்டுமென்றால் கார்பன் வடிகட்டிதான் நடைமுறை வழி. கார்பன் மருந்தைப் பிடித்து வைக்கும், உடைக்காது. நிரம்பிய கார்பனை எங்கே கொடுப்பது என்ற கேள்வி மிஞ்சும். உடைக்கும் திறன் இந்த ரியாக்டருக்கு இருக்கிறது, அதனால்தான் இதன் மேல் இவ்வளவு அக்கறை காட்ட வேண்டியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளில் ஆஸ்பத்திரிக் கழிவுநீருக்கு பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) லிட்டருக்கு 30 மி.கி., சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) 250 மி.கி. என்ற வரம்புகள் உண்டு, மருந்துக்கென்று வரம்பு இல்லை. ஆனால் ஒரு நல்ல சோதனை அதில் இருக்கிறது: வேறு நீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும். உடைந்த துண்டுகள் தாய் மருந்தைவிடக் கெட்டவையா என்று எச்.பி.எல்.சி. சொல்லாது, மீன் சொல்லும். ரியாக்டருக்கு முன் எடுத்த நீரையும் பின் எடுத்த நீரையும் இரண்டு தொட்டியில் வைத்து, குளோரினை தயோசல்ஃபேட்டால் நீக்கிவிட்டு, இதைச் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம்.

ஆர்டரில் எழுத வேண்டியவை: உங்கள் நீரில், உப்பு சேர்க்காமல், விளக்கை ஏற்றி அணைத்துக் காட்டிய மின்னோட்டப் பதிவு. கார்பமாசெபைனுக்கு நான்கு ஓட்டங்களின் எண்கள், டி.ஓ.சி.யோடு. போரோசிலிகேட் ஜன்னல். டைட்டானியப் பட்டையோடு கூடிய இரண்டு உதிரித் தகடுகள், தனியாகக் கழற்றக்கூடிய கேத்தோடு. மின்சாரம் திரும்பினால் பழைய அளவிலேயே தொடங்கும் சப்ளை. தகடுகள் வந்ததும் ஒன்றைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஓடிய தகட்டின் மின்னோட்டத்தை அந்தப் புதுத் தகட்டோடு ஒரே நீரில், ஒரே விளக்கில் ஒப்பிட வேண்டியிருக்கும்.